ஐந்து அங்குலம் இடப்புறம்

ஒரு வில்லைச் சரிசெய்ய எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதில் ஒரு மணி நேரம் வில்லுக்குச் சொந்தக்காரர் பேசுவதைக் கேட்பதிலேயே போய்விடும். அவர் அடித்த மான், அடிக்காமல் விட்ட மான், அவர் விட்டதைப் பக்கத்துப் பண்ணைக்காரன் அடித்துவிட்ட மான் என்று மூன்று வகை மான்களின் கதையையும் நான் கேட்டாக வேண்டும். காது அங்கே இருக்கும், கை வேலை பார்க்கும். இருபத்தொன்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. செப்டம்பர் பாதி தாண்டிவிட்டால் விஸ்கான்சினின் எங்கள் மூலையில் பள்ளி வேன் ஓட்டுபவரிலிருந்து பாதிரியார் வரை மரமேறிப் பரணில் உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு முன் எல்லோரும் ஒருமுறை என் கடைக்கு வந்துபோவார்கள்.

நீங்கள் வேட்டையாடுவதில்லை என்று சொன்னீர்கள், மேடம். பரவாயில்லை. புரியும்படி சொல்கிறேன்.

ஆர்வின் ஹெக்லண்ட், வயது ஐம்பத்தாறு என்பதெல்லாம் உங்கள் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இறந்துபோன ரஸ் பகோர்னி என் தங்கை சோல்வேயின் கணவன். அவன் குளத்தில் விழுந்தது விபத்து என்று டிசம்பரில் எழுதி முடித்தீர்கள். இப்போது அப்படி இல்லை என்கிறீர்கள். நானும் இல்லை என்றுதான் சொல்லப்போகிறேன். ஆனால் ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் எப்படி என்பது உங்களுக்கு நியாயமாகப் படும்.

என் தங்கை பயந்துபோயிருந்தாள். காரணம் அவ்வளவுதான். அவளை அந்தப் பயத்திலிருந்து வெளியே கொண்டுவர என்னை விட்டால் ஆள் இல்லை.

அப்பாவும் அம்மாவும் ஒரே குளிர்காலத்தில் போய்விட்டார்கள். அப்போது எனக்கு இருபத்தாறு, சோல்வேக்குப் பதினான்கு. பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். வில் நாணுக்கு நூல் சுற்றுவாள். எங்கள் வில் இரு முனையிலும் கப்பி வைத்தது. இரண்டு கப்பியும் ஒன்றாகச் சுழல வேண்டும். ஒன்று மயிரிழை பிந்தினாலும், நாணை விடும்போது வரும் சத்தத்தை வைத்தே எது பிந்துகிறது என்று சொல்லிவிடுவாள். எனக்கே அது வராது. அப்படியொரு காது.

இருபத்திரண்டு வயதில் நர்ஸ் படிப்பதற்கென்று மினசோட்டா மாநிலத்தில் ஒரு பெரிய ஊருக்குப் போனாள். என்னிடம் சொல்லாமல் போனாள். பதினோராம் நாள் நான் போய்க் கூட்டி வந்தேன். வரும் வழியெல்லாம் காரில் கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கை அதன் கைப்பிடியிலேயே இருந்தது. அவ்வளவு பெரிய ஊரில் தனியாக இருந்ததில் எப்படிப் பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் எங்கேயும் போகவில்லை. நானும் காரின் சாவியை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

ரஸ் பால் லாரி ஓட்டுபவன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்துச் சீஸ் ஆலையில் கொண்டுபோய் விடுவான். குள்ளம், சோல்வே உயரம்தான் இருப்பான், ஆனால் சிரித்தால் கடைக் கண்ணாடி அதிரும். என் கடைக்கு அம்பு வாங்க வந்தவன்தான். ஒரு அம்பு வாங்க ஏழு தடவை வந்தான். ஒரு புதன்கிழமை இரண்டு பேரும் கோர்ட்டில் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். எனக்கு வியாழக்கிழமை சொன்னார்கள்.

கடையை ஒட்டிய எங்கள் வீட்டிலிருந்து ஏழு மைல் தள்ளி அவன் வீடு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போன் செய்வேன். முதல் வருஷம் எடுத்தாள். பிறகு சில நாள் எடுக்க மாட்டாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது பத்துவரை எண்ணுவேன், மேடம். உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். முகம் அப்படியே வெளுத்துப்போகும். ஒரு மனைவி தன் வீட்டு மேஜையில் அப்படி வெளிறி உட்கார்ந்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஜன்னலுக்குத் தடித்த திரை வந்தது. பூட்டு மாறியது. என்னிடம் இருந்த சாவி சேரவில்லை. ஒரு பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டுகிறவன்தான் பூட்டை மாற்றுவான். நாய் ஒன்றும் வந்தது. நான் போனால், அவள் எனக்குக் காபி ஊற்றும்போது பாதி தட்டில் சிந்தும். ரஸ் பக்கத்திலேயே நிற்பான், அவளைத் தனியாக விடவே மாட்டான். ஒருநாள் என்னை வண்டிவரைக்கும் கூட வந்து வழியனுப்பினான்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் அடிச்சிட்டு வாங்க. திடீர்னு ஜன்னல்ல உங்க மூஞ்சியப் பாத்தா அவளுக்குப் படபடன்னு வருது. எனக்கே ஒரு நாள் சூப் மூக்குல ஏறிடுச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தன்னால் வந்த பயத்தை என் தலையில் கட்டுகிறான் என்பது எனக்கு உடனே புரிந்தது. சரி மாப்ள என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் சண்டைக்காரன் இல்லை.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை ரஸ் வில்லைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். போன வருஷம் தோளில் அறுவைச் சிகிச்சை செய்ததிலிருந்து அவனால் பழைய கனத்தில் நாணை இழுக்க முடியவில்லை. ஐம்பது பவுண்டுக்குக் குறைத்துக் கொடுத்திருந்தேன். அம்பு மானுக்குள் போதிய ஆழம் போகுமா என்பது அவன் கவலை. அதுவரை அவன் பயன்படுத்தியது, பட்டதும் விரியும் முனை. அது வேண்டாம், விரிவதிலேயே பாதி வேகம் செத்துவிடும், ஆடாத அசையாத மூன்று பிளேடு முனை போடு என்றேன். அது பொய்யான யோசனை இல்லை. ஐம்பது பவுண்டு வில்லுக்கு நேர்மையான கடைக்காரன் யாரும் அதைத்தான் சொல்வான்.

ஆனால் பிளேடு முனையில் ஒரு சங்கடம் உண்டு. பயிற்சிக்கு நாங்கள் போடுவது உருண்டை முனை, தோட்டா மாதிரி. வில் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அது மன்னித்துவிடும். வால் இறகு அம்பை நேராக்கிவிடும். பிளேடு மன்னிக்காது. அம்பின் மூக்கில் இறக்கை கட்டியது மாதிரி, கிளம்பும்போது இருந்த சின்னக் கோணலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். அதனால் இரண்டையும் இருபத்தைந்து கஜத்திலிருந்து மாற்றி மாற்றி எய்து பார்க்க வேண்டும். பிளேடு இடப்பக்கம் போனால், வில்லில் அம்பு உட்காரும் தாங்கியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். மயிரிழை நகர்த்துவது, எய்வது, திரும்ப மயிரிழை நகர்த்துவது. இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டும்வரை. புதியவர்கள் தாங்கியை விட்டுவிட்டுக் குறி பார்க்கும் முள்ளை நகர்த்துவார்கள். பிளேடு நேராகும், உருண்டை முனை கெட்டுவிடும். இதற்குத்தான் என்னிடம் வருவது.

ரஸ் அன்றைக்கு மான் கதை எதுவும் சொல்லவில்லை. முக்காலியில் உட்கார்ந்து தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டு விழும் அளவுக்கு நான் வில்லைக் கொண்டுவந்த பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். சோல்வே சொல்லவே கூடாதுன்னா. ஆனா உங்க கையால வில்லைச் சரிபண்ணி வாங்கிட்டு, ஒளிஞ்சுக்கிட்டுப் போறது எனக்கு நல்லா படல."

புத்தாண்டு கழிந்ததும் தெற்கு டகோட்டா மாநிலத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பால் ஆலையில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சோல்வே ஏதோ ஒரு மருத்துவமனையில் உதவியாளராகச் சேரப்போகிறாள். போவதற்கு முன் ஒரு மான் அடித்து, தொத்திறைச்சி போட்டு, எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு போக ஆசை. எந்த ஊர் என்று கேட்டேன். தொப்பியை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினான்.

"அத மட்டும் கேக்காதீங்க மச்சான். அவளே ஒருநாள் எழுதுவா. கொஞ்ச நாள் போகட்டும்."

நல்லது மாப்ள, சந்தோஷமாக இருங்கள் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்போது அவன் போன் அடித்தது, பேசிக்கொண்டே வெளியே போனான். கடை ஜன்னல் மெல்லியது. வெளியே அவன் சொன்னது எனக்குக் கேட்டது. "சொல்லிட்டேன்டி. ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் எடுத்துக்கிட்டாரு. நீ அழாத, கதவப் பூட்டிக்க, வந்துடறேன்."

அவள் அழுதாள். கதவைப் பூட்டிக்கொள்ளச் சொல்கிறான். ஊர் பேர் தெரியாத இடத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போகப்போகிறான். அங்கே நான் ஏழு மைலில் ஓடிப்போய்ப் பார்க்க முடியாது. என் கையில் வில்லின் திருகைத் திருப்பும் ஆலன் கீ இருந்தது. ஆர அமர யோசித்தேன்.

அவன் பரண் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் கட்டிக் கொடுத்ததே நான். சாயங்காலம் மேட்டுக் காட்டிலிருந்து சோளக் கொல்லைக்கு இறங்கும் மான்கள் அந்தப் பரணுக்கு முன்னால் எப்போதும் இடமிருந்து வலமாகப் போகும். பத்தில் எட்டு அப்படித்தான். ஆக மானின் தலை வலப்புறம் இருக்கும், பின்பாகம் இடப்புறம். நெஞ்சில் வைத்த குறி ஐந்து அங்குலம் இடப்புறம் தள்ளினால் குடலில் போய்ப் படும். குடலில் பட்ட மான் உடனே சாகாது. காய்ச்சல் வரும், தாகம் எடுக்கும், தண்ணீரைத் தேடி இறங்கும். அந்தச் சரிவில் கீழே இருக்கும் தண்ணீர் ஒன்றே ஒன்றுதான், மரத்தைக் கடித்துத் தள்ளிப் பீவர்கள் அணை கட்டிய குளம். அடியில் ஊற்று உள்ள குளம். தண்ணீருக்கு நடுவே அவை குச்சியும் சேறும் குவித்துக் கட்டிய வீட்டைச் சுற்றி ஜனவரியில்கூடப் பனி கெட்டியாகாது. குடலில் அடித்தவன் தனியாகத் தேடிப் போகவும் மாட்டான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தடம் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போவான்.

தாங்கியை இடப்பக்கம் நகர்த்தினேன். ஒரு காசின் கனம்கூட இருக்காது. அதற்கேற்பக் குறிமுள்ளையும் திருப்பி வைத்தேன், உருண்டை முனை மட்டும் நடுவில் விழும்படி. நாற்பது விநாடி வேலை.

ரஸ் உள்ளே வந்தான். கொல்லைப்புறம் போய் உருண்டை முனையில் மூன்று அம்பு எய்தான். மூன்றும் ஒரு ஆரஞ்சுப் பழத்துக்குள் அடங்கின. குழந்தை மாதிரி சிரித்தான். பிளேடு போட்டு ஒன்று அடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். புது பிளேடை வீணாக மழுங்கடிக்காதே, நான் பார்த்துவிட்டேன் என்றேன். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், மேடம். வருஷம் முழுக்க உருண்டை முனையில் பழகிவிட்டு, கூர் போய்விடுமே என்று பிளேடைப் பெட்டியிலேயே வைத்து, பரணில் ஏறிய பிறகுதான் திருகுவார்கள். இருபத்தொன்பது வருஷமாக அதைச் செய்யாதீர்கள் என்று நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன் அடிக்கும்போதெல்லாம் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அவன் அடிக்காமலே ஊரை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது. மான் வலமிருந்து வந்தால் என்ன செய்வது. டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில், ரஸ் தன் வீட்டிலிருந்து போன் செய்தான்.

"பின்னாடி பட்டுடுச்சு மச்சான். குறி கரெக்டாத்தான் வச்சேன். கை ஆடல, மூச்சு விடல. எப்படின்னே தெரியல. பாவம், முதுகு வளைச்சிக்கிட்டு நடந்து போச்சு."

அம்பில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன். பச்சையாக இருக்கிறது, நாறுகிறது என்றான். இப்போது துரத்தாதே, விடியட்டும், நானே வருகிறேன் என்றேன். அவன் பின்னால் சோல்வேயின் குரல் கேட்டது. "அவரக் கூப்பிடாத ரஸ். நான் வரேன் உன்கூட. தடம் எனக்கும் பாக்கத் தெரியும்." அதற்கு அவன், "சும்மா இருடி, உங்கண்ணன் மூக்கு நாய் மூக்கு, ரெண்டே நிமிஷத்துல மோப்பம் புடிச்சிருவாரு" என்று சிரித்தான். என்னைக் கூப்பிட வேண்டாம் என்று அவளைச் சொல்ல வைக்கும் அளவுக்கு அவளை மிரட்டி வைத்திருக்கிறான் பாருங்கள்.

காலை ஏழு மணிக்குப் போனேன். சோல்வே வாசல்வரை வந்தாள், பூட்ஸ் போட்டுத் தயாராக. நீ வீட்டில் இரு, குளிர் அதிகம் என்றேன். ரஸ்ஸின் கையை அவள் விடவே இல்லை. அவன்தான் விரல் விரலாகப் பிரித்து, அரை மணியில் வந்துவிடுவேன், காபி போட்டு வை என்றான். நாங்கள் மரங்களுக்குள் மறையும்வரை அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்ததை நான் திரும்பிப் பார்த்தேன்.

தடம் நான் நினைத்தபடியே போனது. சரிவில் இறங்கி, கரையோரப் புதர்களைத் தாண்டி, நேராகக் குளத்துக்கு. மான் பனிக்கட்டி மேல், பீவர் வீட்டுக்கு இரண்டு ஆள் தூரத்தில், காலை நீட்டிச் செத்துக் கிடந்தது. நல்ல ஆண் மான். கொம்பில் ஒன்பது கிளை.

ரஸ் கரையில் நின்று பூட்ஸ் நுனியால் பனியைத் தட்டிப் பார்த்தான். "தாங்குமா மச்சான்?" என்று கேட்டான்.

"மானைத் தாங்குதே" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

பாதி தூரம் அவன் கையை விரித்துக்கொண்டு, சர்க்கஸ்காரன் மாதிரி வேடிக்கை காட்டிக்கொண்டு போனான். மானின் கொம்பைப் பிடித்துத் திரும்பினான். சத்தம் பெரிதாக இல்லை. பழைய துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம். மானும் அவனும் சேர்ந்து உள்ளே போனார்கள். அவன் மட்டும் மேலே வந்தான். முதலில் சிரிக்கத்தான் செய்தான். "அம்மாடி, என்னா சில்லு. கயிறு, மச்சான்" என்றான்.

மானை இழுக்க நாற்பதடிக் கயிறு என் பையில் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு, மேடம். அம்பு பட்டதும் பரணிலிருந்து இறங்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி அசையாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டு அருகில் போனால் அது எழுந்து ஓடும், அதற்கும் வேதனை, நமக்கும் வேதனை. அமைதியாக விட்டால் அதுவாக அடங்கும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு பதினொன்று.

அவன் விளிம்பைப் பிடித்தான், உடைந்தது. திரும்பப் பிடித்தான், உடைந்தது. விளையாடாதீங்க மச்சான் என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். நான் பையைக் கழற்றாமல் நிற்பதையும் பார்த்தான். அவன் கண்ணில் அப்போது வந்த பயத்தை நான் அதற்கு முன் பார்த்திருக்கிறேன். காபி ஊற்றும்போது சோல்வேயின் கண்ணில் இருந்தது அதேதான். அவளுக்குக் கொடுத்ததை அவன் திரும்ப வாங்கிக்கொண்டான் என்று தோன்றியது. கத்துவதை நிறுத்திவிட்டான். பல் கிட்டியதில் வார்த்தை வரவில்லை. கடைசியாக ஒன்று மட்டும் தெளிவாகச் சொன்னான்.

"அவள விட்டுடுங்க."

அவளை அவன் கடைசியில் விட்டுக்கொடுத்துவிட்டான் என்று புரிந்துகொண்டேன். அதற்காக அவனை மதித்தேன். எட்டு இருபத்தொன்பதுக்கு எல்லாம் அடங்கிவிட்டது. எட்டு நாற்பத்தொன்றுவரை நின்றேன். பிறகு கயிற்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்தேன். பனி விளிம்பில் குப்புறப் படுத்துச் சட்டையை நனைத்துக்கொண்டேன். அவசர எண்ணை அழைத்தேன். என் குரல் நடுங்கியது. அதை நீங்கள் பதிவில் கேட்டிருப்பீர்கள். நிஜமாகவே குளிர்.

சோல்வேயிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. என் சட்டையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனாள். குளிர்சாதனப் பெட்டியில் முதுகு முட்டியதும் நின்றாள். அதிர்ச்சி. அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். நாயை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவள் பழைய அறை அப்படியே இருந்தது. தாழ்ப்பாளை மட்டும் கழற்றினேன். துக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது செய்துகொண்டால் என்ன செய்வது. வெளியே வழுக்கும் என்பதால் அவள் பூட்ஸை என் வண்டியில் வைத்துப் பூட்டினேன். போனையும் நானே வைத்துக்கொண்டேன், ஆள் மாற்றி ஆள் துக்கம் விசாரித்துத் தொந்தரவு செய்வார்கள்.

அவள் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் தூங்குவாள். ரஸ்ஸோடு நாலு வருஷம் இருந்த பழக்கம். போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். நான் அறைக்குள் வந்தால் எழுந்து நின்றுவிடுவாள். "ஏதாவது வேணுமா அண்ணே" என்று கேட்பாள். மற்றபடி பேச்சே இல்லை. ஆனால் கண் முன்னால் இருந்தாள். நான் பல வருஷத்துக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினேன்.

என் தப்பு எங்கே என்றால், ரஸ்ஸின் வில்லைக் கடையில் மாட்டி வைத்தேன், தாங்கியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரவில்லை. நாற்பது விநாடி வேலை. பல தடவை அதன் முன்னால் போய் நின்றிருக்கிறேன். ஆனால் வில் இப்போது சோல்வேயுடையது. சொந்தக்காரர் கேட்காமல் அவர் வில்லில் ஒரு திருகைக்கூடத் தொடுவதில்லை என்பது நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து வைத்திருக்கும் விதி. ரஸ் விஷயத்தில் ஒரே ஒருமுறை அதை மீறினேன். இரண்டாம் முறை மீற மனசு வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாண் நூல் வாங்கப் பக்கத்து ஊருக்குப் போனேன். பதினொரு மணிக்குத் திரும்பியபோது வீட்டில் அவள் இல்லை. கொல்லைப்புறக் குறிப்பலகையில் ஆறு அம்பு நின்றுகொண்டிருந்தது. மூன்று உருண்டை முனை, நட்ட நடுவில். மூன்று பிளேடு முனை, சரியாக ஐந்து அங்குலம் இடப்புறம், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு. ஐம்பது பவுண்டு, அவள் கைக்குச் சரியான கனம். அவன் உயரம்தான் அவளுக்கும். எத்தனையோ வருஷம் வில்லையே தொடாதவள், இருபத்தைந்து கஜத்தில் அப்படி அடித்திருந்தாள். மறைப்பானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கடையில் நான் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு பனியில் சாலைவரை நடந்திருக்கிறாள். அங்கே தினமும் அந்த வழியாகப் போகும் சீஸ் ஆலைப் பால் லாரியின் சக்கரத் தடம் நின்று, திரும்பிக் கிளம்பியிருந்தது. மறுநாள் நீங்கள் வந்தீர்கள், முதலில் அந்த வில்லைப் பற்றித்தான் கேட்டீர்கள்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். தாங்கியை நகர்த்தியது நான். பனி தாங்கும் என்று அவனை நினைக்க வைத்தது நான். கயிறு என் பையில் இருந்தது, நான் கொடுக்கவில்லை. ரஸ் பகோர்னியைக் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒருத்தி பயமில்லாமல் வாழ வேண்டும் என்றால் யாராவது ஒருவர் இதைச் செய்துதான் ஆக வேண்டியிருந்தது.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லுங்கள். முகவரி தர முடியாது, அவளே தர வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டாள் என்கிறீர்கள். பெயரைக்கூட மாற்றிக்கொண்டாள் என்கிறீர்கள். கதவுக்கு இரண்டு பூட்டாம். நான் இங்கே கம்பிக்குள் இருப்பது தெரிந்தும் விளக்கை அணைக்காமல் தூங்குகிறாளாம். எனக்கு அதுதான் விளங்கவே இல்லை, மேடம். ரஸ் செத்துப் பத்து வாரத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் யாருக்குப் பயந்து அவள் ஒளிந்துகொண்டிருக்கிறாள்?